விரிப்பின் மறுமுனை

கடைசியாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மடித்தது, ஓரத்தில் தையல் விட்டிருந்த ஒரு படுக்கை விரிப்பை.

நாலைந்து நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த தூறல் முந்தின நாள்தான் விட்டிருந்தது. ஏரிப்பக்கமிருந்து காற்று ஈரமில்லாமல் வந்தது. சலவைக்கூடத்தின் பின்முற்றத்தில் காய்ந்து கிடந்த விரிப்புகளைக் கொடியிலிருந்து உருவிக் கூடையில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்து, வழக்கம்போல ஒருவருக்கொருவர் எதிரெதிரே நின்று மடித்தார்கள். இவள் இரண்டு மூலை, அவர் இரண்டு மூலை. உதறி, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு இவள் தன் முனையை எடுத்துக்கொண்டு நடந்துபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுக்கக் கூடைப்பக்கம் திரும்பிவிடுவாள். மீதி மடிப்பு அவருடையது. இவள் திரும்பிப் பார்க்கும்போது அது அடுக்கில் உட்கார்ந்திருக்கும்.

"இழுங்க. இழுங்கன்னா, என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடாதீங்க."

"நீ லேசா இருந்தா நான் என்ன பண்றது?"

"லேசாவா? போன வாரம் மூட்டையைவிட நான் கனம்னு யாரு சொன்னது?"

"அது மூட்டையைப் பாத்துச் சொன்னது."

கூடையில் கடைசியாகக் கிடந்த விரிப்பில் தலைப்பக்கத்து அகலத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப் போயிருந்தது. "இதை அனுப்ப வேணாம், தனியா வைங்க, ராத்திரி தச்சுடறேன்" என்று சொல்லித் தன் முனையை அவர் கையில் கொடுத்தாள். கூடையின் அடியில் கிடந்த தலையணை உறைகளைக் குனிந்து பொறுக்கியபடியே கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை ரோப் கார்ல ஊர்க்காரங்களை எல்லாம் சும்மா ஏத்திக்கிட்டுப் போறாங்களாமே. என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா? இல்ல, தம்பியும் நீங்களும் மட்டும் போயிட்டு வந்து எனக்குக் கதை சொல்லப் போறீங்களா?"

"ம்" என்றார் அவர்.

"என்ன ம்? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

வெளியே வேனின் ஹாரன் கேட்டது. அவள் உறைகளோடு நிமிர்ந்தபோது தைக்க வேண்டிய விரிப்பு மேல்தட்டில் இருந்தது. அவர் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார்.

வேன் அவருடைய தம்பியுடையது. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை லாட்ஜுக்கும் ஏரிக்கும் மலையடிவாரத்துக்கும் கூட்டிப்போகிற வேன். காலையில் மட்டும் சலவை மூட்டை. தம்பி வாய் ஓயாதவன். வண்டியில் உட்கார்ந்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் ஒன்றும் கிடையாது, தம்பியின் பேச்சிலிருந்து தப்பிக்கிற வழி அது. அன்றும் மூடிக்கொண்டார். தம்பி ஏரிக்கரை நெடுகப் புதிய படகைப் பற்றியும், அதன் கூரையைப் பற்றியும், கூரை போட்டவன் தன்னிடம் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராதது பற்றியும் பேசிக்கொண்டே போனான். லாட்ஜின் பின்வாசலில் நிறுத்திவிட்டு, "அண்ணே, எறங்கு. மூட்டையை நானேவா தூக்கணும்?" என்றான். அப்புறம்தான் தொட்டுப் பார்த்தான்.

*

வடக்கே போகிற ரயிலுக்கு அந்த ஊர்தான் கடைசி ஸ்டேஷன். ஒரு காலத்தில் அங்கே இறங்குகிறவர்கள் அந்த ஊரில் பிறந்தவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் ரயிலில் தூங்கிவிட்டவர்களாக இருப்பார்கள். ஆலை ஓடிய வரைக்கும் ஆலைக் குடியிருப்பின் கம்பளிகளும் ஆஸ்பத்திரி விரிப்புகளும் சலவைக்கூடத்துக்கு வந்தன. ஆலை நின்றது. ஆஸ்பத்திரியையும் கீழே இருக்கிற பெரிய ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. அந்த நாட்களில் அவர்கள் இருவரும் தங்கள் வீட்டு விரிப்பையே துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கொடி வெறுமையாய்த் தெரியாமல் பார்த்துக்கொண்டதும் உண்டு.

பிறகு மலையை அளக்க ஆட்கள் வந்தார்கள். மலை மேலே ஒரு கண்ணாடி மேடை வரப்போகிறது, நின்று பார்த்தால் காலுக்குக் கீழே ஏரி தெரியும், ஏறிப்போகக் கம்பியில் தொங்கும் பெட்டி என்றார்கள். ஊர் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தூணும் எழும்பும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். நட்டவன் தானே என்பதுபோலத் திரும்பி வந்து, "அஞ்சாவது தூணு நல்லா வந்திருக்கு" என்பார்.

தூண்கள் முடியும் முன்பே லாட்ஜ் வந்தது. லாட்ஜ் வந்ததும் விரிப்புகள் வந்தன. முதல் மூட்டையைப் பிரித்த அன்று, புதுத்துணிக் கஞ்சி வாசம் கூடம் முழுக்க அடித்தபோது, அவர் ஒரு விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "எந்த ஊரு ஆளு வந்து இதுல படுக்கப் போறானோ, நல்லாத் தூங்கணும்" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் முதல் விரிப்பை உதறும்போது இதைச் சொல்லாமல் உதறியதில்லை. இவளும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது, கொடியில் கிளிப் மாட்டுவதுபோல.

ஊரில் அவருக்குப் பெயர் நொட்டாங்கை. சாப்பிடுவதிலிருந்து ஆணி அடிப்பதுவரை எல்லாமே இடக்கை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில் பிரம்பால் அடித்துப் பார்த்தார்களாம், வீட்டில் துணியால் கட்டிப் பார்த்தார்களாம். "கட்டை அவுத்ததும் அது பாட்டுக்கு வேலைக்குப் போயிடுச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

*

அடக்கமெல்லாம் முடிந்த மறுநாள் காலை அவள் எழுந்து வந்து பார்த்தபோது சலவைக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே அவளுடைய கொழுந்தன் மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி தொட்டியில் கையை விட்டு நின்றாள். ரோப் காரில் டிக்கெட் கொடுக்கச் சேர்ந்திருந்த பையனின் அம்மா கொடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

"நீங்க போய்ப் படுங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "லாட்ஜுல ஆளுங்க தூங்கணுமில்ல. நாங்க பாத்துக்கறோம்."

"சோப்பு எவ்வளவு போட்டே?"

"போட்டேன்."

"எவ்வளவு?"

"நுரை வர்ற வரைக்கும்."

நுரை கதவிடுக்கு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் போய் மெஷினை நிறுத்தினாள். அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் திரும்பிப் போவதைவிட நுரையைத் துடைப்பது எளிதாக இருந்தது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கூடையின் மேலேயே வைத்து, நின்றபடியே நாலு பேரும் தின்றார்கள். உப்பு குறைவாக இருந்தது. அப்படி ஒரு உருளைக்கிழங்கைத் தன் வாழ்நாளில் தின்றதில்லை என்று பின்னால் பலமுறை அவள் சொல்லியிருக்கிறாள்.

மற்றவர்கள் போனபின் கொழுந்தன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் பேசிக்கிட்டே போனேன். ஏணிக் கதை. அவரு எப்ப... எந்த இடத்துலன்னுகூட எனக்குத் தெரியல. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே..."

"நல்லதுதான்" என்றாள் அவள். "தனியாப் போகல. பேச்சுத்துணையோட போயிருக்காரு. எனக்கு அது போதும்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏணியை இன்னும் தரல அவன்" என்றான்.

தெற்கே பெருநகரத்தில் நர்ஸாக இருக்கும் மகள் வந்திருந்தாள். நாலு நாள் பார்த்துவிட்டு, "என்கூட வந்துடும்மா. யாருக்காக இங்க குளிர்ல தண்ணியில நிக்கணும்?" என்றாள்.

"நான் அங்க வந்து என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு."

"அது எனக்குத் தெரியாதே."

ஊருக்குக் கிளம்பும் முன் மகள் ஊசி நூலோடு மேல்தட்டில் இருந்த விரிப்பை எட்டினாள். "தையல் விட்டிருக்கும்மா, தச்சு வச்சுட்டுப் போறேன்."

"அதை விடு."

"ரெண்டு நிமிஷம்தானே."

"விடுன்னு சொன்னேன்ல."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஊசியைத் திரும்பக் குத்தி வைத்துவிட்டாள்.

*

துவைப்பதில் குறை வரவில்லை. மடிப்பதில்தான் வந்தது.

முதல் விரிப்பின் மறுமுனையைக் கொழுந்தன் பிடித்தான். உதறினார்கள், இழுத்தார்கள். அவள் வலது கையை இடது கையோடு சேர்த்தாள். அவனும் தன் வலது கையை இடது கையோடு சேர்த்தான். விரிப்பு கயிறு முறுக்கியதுபோல நடுவில் முறுக்கிக்கொண்டு நின்றது.

"திருப்பு" என்றாள். திருப்பினான். எதிர்ப்பக்கமாக முறுக்கியது.

"அண்ணி, நான் உங்களை மாதிரியேதானே செய்யறேன்."

"அதான் தப்பு. என்னை மாதிரி செய்யாதே. எனக்கு எதிர் மாதிரி செய்."

"எதிர் மாதிரின்னா?"

"அவரு மாதிரி."

சொன்னபிறகுதான் அவளுக்கே புரிந்தது. எதிரெதிரே நிற்கிற இரண்டு பேரில் ஒருத்திக்கு வலக்கை எந்தப் பக்கமோ, மற்றவருக்கு இடக்கை அந்தப் பக்கம். இத்தனை வருஷமாக இருவரும் அவரவருக்கு வாகான கையைத்தான் தூக்கினார்கள். இரண்டும் ஒரே பக்கமாகப் போய்ச் சேர்ந்தன. யாரும் யாருக்காகவும் கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஊரில் மற்ற புருஷன் பெண்டாட்டி விரிப்பு மடிக்கும்போது ஏன் அத்தனை சத்தம் வருகிறது என்று அவள் யோசித்தது உண்டு.

"பிரம்பால அடிச்சும் அந்தக் கை மாறாம இருந்துச்சே, அந்த வாத்தியாருக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள்.

"அடிச்சதுக்கா?"

"சரியா அடிக்கத் தெரியாததுக்கு."

கொழுந்தன் மெதுவாக இடக்கைக்குப் பழகினான். அரை மடிப்புவரை சரியாக வந்தது. மீதியை மேசைமேல் போட்டு அவளே தட்டித் தட்டி மடித்தாள். பார்க்க அழகாகவே இருந்தது. சொல்லப்போனால் அவர் மடித்ததைவிட விளிம்பு நேராக இருந்தது. மூட்டைகள் லாட்ஜுக்குப் போயின.

ரோப் கார் ஓட ஆரம்பித்து ஒரு வாரம் ஆனபோது லாட்ஜிலிருந்து சாவிக்காரி வந்தாள். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள்தான் தலைமை. இடுப்பில் எல்லா அறைச் சாவிகளும் வளையத்தில் தொங்கும். அவள் வருவது தெருமுனையிலேயே கேட்கும். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா. கறையா?"

"கறையெல்லாம் இல்ல. துணி பளிச்சுனு இருக்கு. விரிப்புதான் தலைகீழா வருது."

"தலைகீழாவா?"

சாவிக்காரி சாவி வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மேசையையே கட்டிலாகப் பாவித்துக் காட்டினாள். "மடிச்சதை இப்படிக் கட்டில் நடுவுல வைப்போம். இந்த ஓரத்தைப் பிடிச்சு ஒரே இழு. அவ்வளவுதான், விரிஞ்சிடும். அகலத் தையல் தலைமாட்டுல, ஒடுக்கத் தையல் கால்மாட்டுல, நல்ல பக்கம் மேல. பாக்க வேண்டியதே இல்ல. அண்ணன் மடிச்சு அனுப்பினது அப்படித்தான் வரும். லாட்ஜு திறக்கறதுக்கு முன்னாடி எங்க பிள்ளைங்களுக்கு நான் வேலை பழக்கினதே அந்த விரிப்பை வச்சுத்தான். இப்ப இழுத்தா தலைத் தையல் கால்ல போய் நிக்குது, உள்பக்கம் மேல வருது. எடுத்து, திருப்பி, மறுபடி போட்டு... காலை ரயிலுக்கு எல்லா ரூமும் காலியாகுது, அடுத்த ரயிலுக்கு எல்லா ரூமும் நிரம்புது. ஜனங்க பெட்டியோட வராந்தாவுல நிக்கறாங்க."

"நாங்க மடிக்கறதுதானே அக்கா எல்லாரும் மடிக்கற மடிப்பு?" என்று குறுக்கே கேட்டான் கொழுந்தன், அவளுக்காகப் பரிந்து. சாவிக்காரியை அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"எல்லாரும் மடிக்கறதுதான்ப்பா. எங்களுக்குப் பழக்கம் எல்லாரோடதும் இல்லையே."

"பிள்ளைங்களை மாத்திப் பழக்க முடியாதா?" என்றாள் அவள்.

சாவிக்காரி சாவி வளையத்தை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டாள். "அதையேதான் மேனேஜரும் சொல்றாரு. மாத்திப் பழகறதுன்னு ஆயிட்டா, கீழ் ஊருல இருக்கற பெரிய லாண்டரியோட மடிப்புக்கே பழகிக்கலாமேங்கறாரு. அங்க மெஷினே மடிச்சுடுதாம். நல்ல மனுஷன்தான், அக்கா. அவருக்கும் மேல ஆள் இருக்கு. இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. அண்ணன் எப்படி மடிப்பாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே, அப்படியே அனுப்பிடுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவளுக்குத் தெரியாது. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அவர் கடைசி மடிப்புகளை மடிக்கும்போதெல்லாம் அவள் கூடைப்பக்கம் திரும்பியிருந்தாள். வருஷக்கணக்காக, ஒவ்வொரு விரிப்புக்கும்.

*

பல விதமாக மடித்துப் பார்த்தாள். வலப்பக்கமிருந்து, இடப்பக்கமிருந்து, உள்ளே வெளியே. கொழுந்தன் கூடத்தில் கிடந்த பெஞ்சைக் கட்டிலாக்கி இழுத்துப் பார்த்துச் சொல்வான்: "கால்ல நிக்குது." "உள்பக்கம்." "தலை சரி, ஆனா கோணல்." ஒரு தடவை சரியாக வந்தது, எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"அண்ணி" என்றான் ஒருநாள், மேலே பார்க்காமல். "மேல்தட்டுல ஒண்ணு இருக்கே. அதைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் பாத்தா..."

"அதுல கை வச்சே, கையை உடைச்சுடுவேன்."

அவன் பேச்சை நிறுத்தினான். அவன் அப்படிப் பாதியில் நிறுத்தி அவள் பார்த்ததில்லை.

அந்த விரிப்பைப் பிரிக்கவிடாமல் அவளைப் பிடித்திருந்தது இன்னொன்று. அவர் கையால் மடித்த கடைசித் துணி என்பது ஒரு பக்கம். அதை மடித்தபோதுதான் அவள் கேட்டதற்கு அவர் 'ம்' என்றார். போகலாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, அதுவும் வாய் திறக்காத வார்த்தை. வேலைக்கு நடுவில் அவள் திரும்பி நின்று எதைக் கேட்டாலும் அவர் அப்படித்தான். அதற்காக எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறாள். கடைசியாகக் கேட்டதற்காவது முழுசாக ஒரு பதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று துணி அலசும்போதெல்லாம் தோன்றும். அவளைக் கூட்டிப்போக அவருக்கு விருப்பம் இருந்ததா என்பதே இப்போது தெரியவில்லை. ரோப் கார் முதன்முதலாக ஓடிய ஞாயிற்றுக்கிழமை ஊரே மேலே போனது. அவள் முற்றத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. மேனேஜரிடமே போய், முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு மத்தியானம் கிளம்பினாள். தூறிக்கொண்டிருந்தது. வேனில் ஏற்றிப்போன கொழுந்தன் பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகளிடம் ஏரிக்கு அடியே கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

லாட்ஜுக்குள் அவள் அதுவரை போனதில்லை. மேனேஜரைத் தேடி வராந்தாவில் நடந்தபோது, ஒரு அறை வாசலில் பயணிக் குடும்பம் ஒன்று நின்றது. தாயின் தோளில் குழந்தை, வாயைத் திறந்தபடி தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றாள். அறைக்குள் வேலைக்காரப் பெண் மடித்த விரிப்பைக் கட்டில் நடுவில் வைத்தாள். இடக்கையால் ஓரத்தைப் பிடித்து ஒரே வீச்சாக இழுத்தாள்.

அவள் வாசலுக்கு நெருங்கி வந்தாள். அந்தத் தோள் சாய்ந்த விதம், முழங்கை மேலே போன விதம். கொடியிலிருந்து விரிப்பை உருவும்போது அவர் இழுக்கிற அதே இழுப்பு.

விரிப்பு தலைகீழாக விழுந்தது. பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, வாசலில் நின்றவர்களிடம் "மன்னிச்சுக்குங்க, ஒரு நிமிஷம்" என்றாள்.

"நீ இடக்கைப் பழக்கமாம்மா?" என்று அவள் வாசலிலிருந்து கேட்டாள்.

"இல்லையே. சோத்தாங்கைதான்."

"இதை மட்டும் ஏன் இடக்கையால இழுக்கறே?"

பெண் தன் கையையே பார்த்துக்கொண்டாள். "தெரியல அக்கா. இங்க எல்லாரும் அப்படித்தான் இழுப்போம். வேற கையால இழுத்தா வராது."

அடுத்த அறையிலும் அதற்கடுத்ததிலும் போய் எட்டிப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் இடக்கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இழுப்பதை ஒருநாளும் பார்த்திராத பெண்கள். அவர்கள் பாட்டுக்கு, அறை அறையாக, அவரைப்போலவே இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்த இடத்தில் அவருடைய மடிப்பு இல்லாமல் திகைத்து நின்றார்கள்.

மேனேஜரை அவள் பார்க்கவில்லை. சாவிச் சத்தம் கேட்ட திசைக்குப் போய், "வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

*

வெளிச்சம் இருக்கும்போதே சாவிக்காரி வந்துவிட்டாள். கொழுந்தனும் இருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேல்தட்டிலிருந்து விரிப்பை இரண்டு கைகளாலும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நிச்சயமாவா, அக்கா?" என்றாள் சாவிக்காரி.

"இழுத்துடாதே. ஒவ்வொண்ணா."

மேல் மடிப்பைச் சாவிக்காரி இரண்டு விரலால் தூக்கினாள். அன்றைய காலையின் வெயில் வாசமும் ஏரிக்காற்றும் கொஞ்சம் உள்ளே மிச்சமிருந்தன. அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஒவ்வொரு மடிப்பையும் பிரித்து, பார்த்து, திரும்ப மூடி, மறுபடி பிரித்தார்கள். மூன்றாக மடிந்திருந்தது, ஒடுக்கத் தையல் உள்ளே, தலைத் தையல் அதன்மேல் சுற்றி இடப்பக்கமாக. அதுவரை புரிந்தது. ஆனால் கையில் வைத்துக்கொண்டு அதையே மடிக்கப் பார்த்தால் முடியவில்லை. தலைத் தையலைச் சுற்றும்போது உள்ளே இருப்பது நழுவியது.

"ரெண்டு கை போதாதே" என்றாள் சாவிக்காரி. "மூணாவது கை வேணும்."

"அண்ணனுக்கு ரெண்டுதான் இருந்துச்சு" என்றான் கொழுந்தன். "நான் கூடவே வளந்தவன்."

அவள் மறுபடி முயன்றாள். கொழுந்தன் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றான். அவர் நிற்கும் இடத்தில் அவள் போய் நின்றாள். அந்த இடத்திலிருந்து கூடத்தை அவள் பார்த்ததே இல்லை. எதிரே கூடையும், கூடைக்குப் பின்னால் ஜன்னலும், ஜன்னலில் மலையும் தெரிந்தன. கொழுந்தன் முனையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். இடக்கையில் வாங்கினாள். ஒடுக்கத் தையலை உள்ளே விட்டாள். நழுவப் பார்த்தது. நழுவாமல் இருக்க, தன்னை அறியாமல் தலையைக் குனிந்து மோவாயால் அதை மார்போடு அழுத்திப் பிடித்தாள். இரண்டு கைகளும் விடுபட்டன. இடக்கை தலைத் தையலை எடுத்துச் சுற்றியது. சரியாக வந்து உட்கார்ந்தது.

"வருதா, அக்கா?" என்று கேட்டாள் சாவிக்காரி.

"ம்" என்றாள் அவள்.

"அப்படித்தானா? சொல்லுங்களேன், அதானா?"

"ம்."

வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் மோவாய் தளரும், மடிப்பு விழும். அப்படியே நின்றாள். ஜன்னலையும் கூடையையும் பார்த்தபடி, மோவாய்க்கடியில் விரிப்போடு நின்றாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கொழுந்தன் ஓடிவந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். விரிப்பு நழுவி விழ, மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"என்ன அண்ணி?"

"எத்தனை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா உங்க அண்ணன்கிட்ட. கேட்டா பதில் சொல்லாத மனுஷன்னு. வாயில முத்தான்னு. பாவம், மோவாயில துணியை வச்சுக்கிட்டு நின்னிருக்காரு. திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கேக்கறதை எல்லாம் சரியா அந்த நேரம் பாத்துத்தான் கேட்டிருக்கேன்."

"அண்ணன் இதைச் சொல்லவே இல்லையா?"

"சொல்றதுக்குள்ளே அடுத்த விரிப்பு வந்துடுமே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுலயும் விடாம 'ம்'னு சொல்லியிருக்காரு. சொல்லாமலே இருந்திருக்கலாம். மடிப்பு நழுவுமே. எனக்காகச் சொல்லியிருக்காரு."

சாவிக்காரி கீழே கிடந்த விரிப்பை எடுத்து உதறினாள். "இன்னொரு தடவை, அக்கா. நான் நல்லாப் பாத்துக்கறேன்."

இருட்டும் முன் விட்டுப்போன தையலைத் தைத்தாள். மறுநாள் காலை அந்த விரிப்பும் மற்றவற்றோடு மூட்டையில் போனது. எந்த அறைக்குப் போனது, யார் அதில் படுத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. முதல் விரிப்பை உதறும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தாள்.

*

மாதம் முடிந்தபோது மேனேஜர் வந்து, டீ குடித்து, வேறு எதையும் பேசாமல் போனார். பெரிய லாண்டரியின் வண்டி அந்த ஊருக்குள் வரவில்லை. மகள் போனில் கேட்டபோது, "இங்க எல்லாரும் என்னைப் பாத்துக்கறாங்க. சும்மா இருக்கத்தான் நேரமில்ல" என்றாள்.

வெயில் அடித்த ஒரு நாளில் கொழுந்தன் அவளை ரோப் காரில் கூட்டிப்போனான். டிக்கெட் கொடுக்கும் பையன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, பெட்டியின் ஜன்னலோரத்தில் உட்காரவைத்தான். பெட்டி மேலே ஏறியது. கொழுந்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான்.

"என்னப்பா, பேசு" என்றாள்.

"எறங்கினதும் பேசறேன், அண்ணி."

அஞ்சாவது தூண் கடந்து போனது. நன்றாகத்தான் வந்திருந்தது. கீழே ஏரியும், கூரை போட்ட படகும், லாட்ஜும், சலவைக்கூடத்து முற்றத்தில் வரிசையாக வெள்ளை விரிப்புகளும் தெரிந்தன. மேலே கண்ணாடி மேடையில் பயணிகள் காலடியைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். முன்பின் தெரியாத அத்தனை பேரையும் அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எங்கிருந்தெல்லாமோ ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் வந்திருந்தார்கள்.

லாட்ஜில் அதற்கப்புறம் எத்தனையோ பெண்கள் வேலைக்கு வந்தார்கள், கல்யாணமாகிப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். சாவி வளையம்கூட வேறொருத்தியின் இடுப்புக்கு மாறிவிட்டது. அங்கே இன்றைக்கும் படுக்கை விரிப்பை இடக்கையால்தான் இழுக்கிறார்கள்.